ஊரைப் பழித்த பாட்டு

(பொன்விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா என்றால் ஊரைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். அதைச் செய்ய எனக்கு முன்னும் பின்னும் வல்லவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறு பக்கம் போகிறேன். ஊரைத் திட்டிய பாட்டுகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம்; நம் ஊரைத் திட்டிய பாட்டுகளைப் பற்றி அல்ல. அயர்லாந்து நாட்டுக் கிராமங்களைப் பற்றி அந்நாட்டு மக்கள் பாடிவைத்த வசைப்பாட்டுகளையும், அவை பிறந்த கதைகளையும் சொல்லப் போகிறேன்.

அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நியமான நாடல்ல. 1842-ஆம் ஆண்டு கடல் கடந்து சென்னைக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய காணிக்கை அன்னை சபைக் கன்னியர் அந்நாட்டவர். அதே காலத்தில் சென்னையில் திருச்சபையை நடத்திய ஆயர் டேனியல் ஓ கானரும், அவருக்குப் பின் வந்த ஆயர் ஜான் பென்னெல்லியும் அந்நாட்டவரே. அவர்கள் பிறந்து வளர்ந்த நாட்டின் கிராமங்களில் மக்கள் ஒருவரையொருவர் எப்படிக் கேலி செய்தார்கள் என்று தெரிந்துகொள்வதில் தவறொன்றும் இல்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாட்டுகளை நான் பாடிக் காட்டப் போவதில்லை. அவற்றின் உயிர் எதுகையில் இருக்கிறது. வேறு மொழிக்கு வந்தால் அந்த உயிர் போய்விடும். பொருளை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பாட்டுகள் சிறியவை. இரண்டடி, மிஞ்சினால் நாலடி. ஊர்ப்பெயர் கட்டாயம் வரும். பெரும்பாலும் அந்தப் பெயரிலேயே அடி முடியும். அடுத்த அடியில் அதற்கு எதுகையாக ஒரு குறை வந்து உட்காரும். ஓர் ஊரில் மோர் தண்ணீராக இருக்கும். இன்னோர் ஊரில் நாய்கள் அதிகம். மற்றோர் ஊரில் அந்நியனைக் கண்டால் கதவு சாத்திக்கொள்ளும். சில ஊர்கள் திட்டு வாங்கியதற்கு, பெயர் அப்படி ஒரு கெட்ட சொல்லோடு எதுகை சேர்ந்ததைத் தவிர வேறு காரணமே இல்லை என்பது என் எண்ணம். பாவம், பெயர் வைத்த முன்னோர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பாட்டைக் கட்டியவர்கள் யார்? பெரும்பாலும் வழிப்போக்கர். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டின் தென்மேற்கிலிருந்து ஏழைக் கூலியாட்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லிமெரிக், டிப்பரரி பக்கம் அறுவடைக்கும் உருளைக்கிழங்கு தோண்டவும் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஸ்பால்பீன் என்று அவர்களுக்குப் பெயர். சந்தையில் நின்று விலை பேசிக் கூலிக்கு அமர்வார்கள். எந்த ஊரில் எந்த வீட்டில் சோறு ஒழுங்காகப் போடுவார்கள், எங்கே புளித்த மோரை ஊற்றி ஏமாற்றுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அடுத்த வருடம் வருகிறவனுக்கு அதைச் சொல்லிவைக்க வேண்டுமே. எழுதிவைக்க எழுத்துத் தெரியாது. பாட்டாகக் கட்டிவிட்டால் மறக்காது. அவர்களோடு துணி விற்பவன், மாடு ஓட்டிப் போகிறவன், தகரப் பாத்திரம் அடைப்பவன், வேலி மறைவில் பள்ளி நடத்திய வாத்தியார் என்று பலர் ஊர் ஊராகத் திரிந்தார்கள்.

இவ்வளவு பாட்டும் கதையும் அழிந்து போகாமல் நமக்குக் கிடைத்ததற்குப் பெரும்பாலும் சிறுபிள்ளைகள்தாம் காரணம். 1935-இல் அயர்லாந்து அரசு நாட்டுப்புற வழக்காற்றுக் கழகம் ஒன்றை நிறுவியது. அந்தக் கழகம் 1937 முதல் 1939 வரை ஓர் ஏற்பாடு செய்தது. சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியைக் கேட்டுக் கட்டுரை எழுதி வா என்றார்கள். ஊர்ப் புலவர்கள், ஊர்ப் பெயர்கள், ஊரில் நடந்தவை என்று தலைப்புகள் கொடுத்தார்கள். ஐம்பதாயிரம் பிள்ளைகள் எழுதினார்கள் என்று கணக்கு. அந்த நோட்டுப் புத்தகங்களின் பக்கங்கள் இலட்சக் கணக்கில் இருக்கின்றன. இப்போது கணினி வழியாக எவரும் படிக்கலாம். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையெழுத்தில் பக்கத்து ஊரைப் பற்றிய வசை இருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். தன் ஊரைப் பற்றிய வசையைப் பிள்ளைகள் அவ்வளவு ஆர்வமாக எழுதியிருப்பார்களா என்பது சந்தேகமே.

நிற்க. வெறும் கேலிப் பாட்டுக்கு இத்தனை மரியாதை ஏன் என்று கேட்பீர்கள். அதற்குப் பழங்காலத்துக்குப் போக வேண்டும்.

பண்டைய அயர்லாந்தில் புலவன் வாய்ச்சொல்லுக்கு மன்னர்களே நடுங்கினார்கள். அந்நாட்டின் முதல் வசைக்கவி எப்படிப் பிறந்தது என்று ஒரு புராணக் கதை உண்டு. பிரெஸ் என்றொரு மன்னன், கஞ்சன். அவன் அரண்மனைக்குப் போனவர்கள் கத்தியில் கொழுப்புப் படாமல், வாயில் மதுவாடை இல்லாமல் திரும்பினார்களாம். கார்ப்ரி என்னும் புலவன் அங்கே போனான். இருண்ட குறுகிய குடிசை ஒன்றைக் காட்டினார்கள். நெருப்பு இல்லை, படுக்கை இல்லை. ஒரு சிறு தட்டில் காய்ந்துபோன அப்பம் மூன்று. காலையில் எழுந்து புலவன் ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்த மன்னனுக்கு இறங்குமுகம்தான். இன்னொரு கதையில், அநியாயமாக வசை பாடப்பட்ட மன்னன் ஒருவனுடைய முகத்தில் மூன்று கொப்புளங்கள் எழும்பிவிட்டன.

முகத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டுப் பழைய சட்ட நூல்களில் மனிதனுடைய மானத்துக்கு ஒரு விலை உண்டு. அதை முகத்தின் விலை என்றே சொல்வார்கள். முகத்தில் விழிக்க முடியவில்லை, முகத்தில் கரி பூசிவிட்டான் என்று நாம் சொல்கிறோமே, அதே கருத்து. ஒருவன் மேல் அநியாயமாக வசை பாடினால் பாடியவன் அந்த விலையைக் கட்ட வேண்டும். பட்டப்பெயர் வைத்து அது ஒட்டிக்கொண்டாலும் குற்றம். உடற்குறையைக் கேலி செய்வதும் குற்றம். எங்கோ தூரத்தில் இருக்கும் புலவன் பாடியதை இங்கே ஒருவன் திருப்பிச் சொன்னால், சொன்னவனும் குற்றவாளி. ‘நானா பாடினேன், கேட்டதைத்தானே சொன்னேன்’ என்று தப்பிக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அதே சட்டம் மறுபக்கமும் பேசியது. வழிப்போக்கனுக்கு இடமும் உணவும் கொடுக்க மறுப்பதும் குற்றம். தங்கும் விடுதிகள் இல்லாத காலம். இரவில் ஒருவன் கதவைத் தட்டினால் திறந்தே ஆக வேண்டும். திறக்காதவனைத் தண்டிக்கக் காவலர் இல்லை. புலவனுடைய நாக்குத்தான் காவலர். ஆகவே வசைப்பாட்டு அங்கே வெறும் வம்பாக இருக்கவில்லை; ஏழைக்கும் அந்நியனுக்கும் இருந்த முறையீடு அது ஒன்றுதான்.

அந்த அதிகாரத்தைப் புலவர்கள் துஷ்பிரயோகம் செய்ததும் உண்டு. பெரிய பரிவாரத்தோடு வந்து இறங்கி, கேட்டதைக் கொடுக்காவிட்டால் பாடிவிடுவேன் என்று மிரட்டினார்கள். பொறுக்க முடியாமல் அவர்களை நாட்டை விட்டே துரத்துவது என்று மன்னர்கள் முடிவு செய்தபோது, அவர்களுக்காகப் பரிந்து பேசியவர் யார் தெரியுமா? துறவி, புனித கொலும்பா. அயோனா தீவில் மடம் நிறுவியவர். ட்ரம்கெட் என்னும் இடத்தில் கூடிய சபைக்கு அவர் கடல் கடந்து வந்தார். 575-ஆம் ஆண்டு என்று பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்லும். சற்றுப் பிந்தியது என்பர் ஆராய்ச்சியாளர். புலவர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், பரிவாரத்தைக் குறையுங்கள், ஆனால் துரத்தாதீர்கள் என்று சமரசம் செய்து வைத்தாராம். வசை பாடும் வாயைக் காப்பாற்றியது ஒரு புனிதர் என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஏங்கஸ் ஓ டேலி என்று ஒரு புலவர். கார்க் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், வழிவழியாகப் புலமைத் தொழில் செய்த குடும்பம். அவர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நீண்ட வசைப்பாட்டு எழுதினார். அயர்லாந்து முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக, ஒவ்வொருவருக்கும் நாலடி. கொனாட்டில் இவன் வீட்டு ரொட்டி சிறியது, மன்ஸ்டரில் அவன் வீட்டு மோர் புளித்தது, அல்ஸ்டரில் இன்னொருவன் வீட்டில் பந்தி ஏது, பட்டினிதான், என்ற வகையில் போகும். கூர்மையான பாட்டு, சிரிக்காமல் படிக்க முடியாது. ஓ டானல் குலத்தாரை மட்டும் அவர் தொடவில்லை. அவர்களைப் பாடினால் உலகில் ஒளிய இடம் இருக்காது என்று அவரே பாட்டில் ஒப்புக்கொள்கிறார். ஆள் பார்த்துத்தான் வீரம்!

இந்தப் பாட்டின் பிறப்பைப் பற்றி வழங்கும் வரலாறுதான் நெஞ்சைச் சுடுகிறது. ஆங்கிலேய ஆட்சியின் தளபதி மவுண்ட்ஜாய் பிரபுவும், மன்ஸ்டர் மாகாணத் தலைவர் ஜார்ஜ் கேரூவும் கூலி கொடுத்து அவரைப் பாடச் சொன்னார்கள் என்பது அது. ஐரிஷ் குடும்பத் தலைவர்கள் ஒருவரையொருவர் வெறுக்க வேண்டும். தங்கள் குடிமக்கள் கண்ணிலும் தாழ வேண்டும். அதற்குப் படையைவிடப் பாட்டு மலிவு.

அது எந்தக் காலம் என்று பாருங்கள். 1594 முதல் 1603 வரை ஒன்பது ஆண்டுப் போர். மவுண்ட்ஜாயும் கேரூவும் அந்தப் போரை வென்ற வழி, பயிரைக் கொளுத்துவதும் கால்நடையை ஓட்டிக்கொண்டு போவதும்தான். மவுண்ட்ஜாயின் காரியதரிசி பைன்ஸ் மோரிசன் என்பவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்: பள்ளங்களில் கிடந்த பிணங்களின் வாயெல்லாம் பச்சையாக இருந்ததாம், காஞ்சொறியும் காட்டுக்கீரையும் தின்று செத்தவர்கள். இப்படி நாட்டைப் பட்டினி போட்டவர்களே கூலி கொடுத்து, இந்த நாட்டார் விருந்தாளிக்குச் சோறு போடாத கஞ்சர்கள் என்று பாடச் செய்தார்கள் என்றால், அதை என்னவென்று சொல்வது? ஓ டேலி கண்ட சிறிய ரொட்டி பொய்யல்ல. அது ஏன் சிறியது என்பதைத்தான் பாட்டு சொல்லவில்லை. வசைப்பாட்டு பெரும்பாலும் அப்படித்தான். வெறும் தட்டைக் காட்டும், தட்டை வெறுமையாக்கிய கையைக் காட்டாது.

ஓ டேலியின் முடிவும் ஒரு விருந்தில்தான். 1617 டிசம்பரில் டிப்பரரிப் பக்கம் ஓ மீகர் என்னும் தலைவர் வீட்டில் இருந்தபோது, அவர்களையும் ஒரு பாட்டால் குத்தினார். அந்த வீட்டு வேலைக்காரன் ஒருவன் கத்தியால் குத்திவிட்டான். உயிர் போகும் தறுவாயில் அவர் கடைசியாக நாலடி பாடி, தாம் அதுவரை பழித்த அத்தனை பேரையும் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்பது கர்ணபரம்பரை. திரும்ப வாங்கிய பாட்டை யாரும் அவ்வளவாகப் பாடவில்லை. பழித்த பாட்டுத்தான் நின்றது.

அதை 1852-இல் டப்ளினில் அச்சிட்டவர் ஜான் ஓ டோனவன். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் அவருக்கு நிகர் அந்நாட்டில் இல்லை. அரசு நில அளவைத் துறைக்காக 1830 முதல் மாவட்டம் மாவட்டமாக நடந்து, ஒவ்வொரு ஊருக்கும் அதன் பழைய பெயர் என்ன, பொருள் என்ன என்று விசாரித்து எழுதியவர். அதனால்தான் அவரால் அந்தப் பாட்டில் வரும் ஒவ்வொரு வீட்டையும் இன்ன இடம் என்று காட்ட முடிந்தது. அதற்கு ஆங்கிலச் செய்யுள் வடிவம் தந்தவர் கவிஞர் ஜேம்ஸ் கிளாரன்ஸ் மேங்கன். நூல் வெளிவரும்போது மேங்கன் உயிரோடு இல்லை. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். வறுமையிலும் நோயிலும் நலிந்த மேங்கன் 1849-இல் காலரா பரவிய கோடையில் இறந்தார். அந்தப் பஞ்சத்தின் சுவடு ஆறுமுன், சோற்றுப் பஞ்சத்தைக் கேலி செய்த பழைய பாட்டு புத்தகமாகக் கடைக்கு வந்தது.

மனம் கனத்துவிட்டது. கொஞ்சம் இலேசான ஊருக்குப் போவோம்.

கார்க் மாவட்டத்திலேயே டொனரேல் என்று ஓர் ஊர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேட்ரிக் ஓ கெல்லி என்னும் நாடோடிக் கவிஞர் அங்கே போனார். அந்த ஊரில் அவருடைய கடிகாரம் சங்கிலியோடு திருட்டுப் போய்விட்டது. கவிஞர் போலீசுக்குப் போனாரோ என்னவோ, பாட்டுக்குப் போனார். வரிக்கு வரி சாபம். இடி விழட்டும், பயிர் கருகட்டும், பசு பால் சுரக்காதிருக்கட்டும் என்று நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு சாபமும் டொனரேல் என்ற பெயரிலேயே வந்து முடியும். ஓர் ஊர்ப்பெயருக்கு அத்தனை எதுகை தேடிப் பிடித்த உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். திருடியவன் ஒருவன், சாபம் வாங்கியது ஊரிலுள்ள அத்தனை பேரும், ஆடுமாடு உட்பட.

அந்த ஊர்ப் பிரபுவின் மனைவி கெட்டிக்காரி. வழக்குப் போடவில்லை, ஆள் விட்டு அடிக்கவில்லை. புதிய கடிகாரம் ஒன்று வாங்கிக் கவிஞருக்குக் கொடுத்தார். கவிஞர் உடனே உட்கார்ந்து, அதே எதுகையில், முன்பு சபித்ததையெல்லாம் ஆசீர்வாதமாக மாற்றி இன்னொரு பாட்டு எழுதிவிட்டார். இன்றைக்கும் ஊரார் இரண்டு பாட்டையும் அறிவார்கள். ஆனால் சாபப் பாட்டுக்குத்தான் பெயர். ஆசீர்வாதம் பலித்ததா என்று கேட்டால் நான் ஒன்று சொல்வேன். 1895 முதல் 1913-இல் இறக்கும்வரை டொனரேலில் பங்குக்குருவாக இருந்தவர் கேனன் பேட்ரிக் ஷீஹன். கிராமத்துப் பங்குகளின் வாழ்க்கையை நாவல்களாக எழுதி உலகப் புகழ் பெற்ற குருவானவர். சபிக்கப்பட்ட ஊருக்கு இப்படி ஒரு பங்குத்தந்தை கிடைத்தார்.

இதே மாவட்டத்தில் பேண்டன் என்னும் ஊரின் கதை வேறு மாதிரி. அது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய புரோட்டஸ்டாண்டு மக்களுக்காக எழுந்த ஊர். ரிச்சர்ட் பாயில் என்னும் பெருஞ்செல்வர் 1620-களில் அதைச் சுற்றி உயர்ந்த மதில் எழுப்பினார். அந்த மதில் வாயிலில் ஒரு வாசகம் பொறித்திருந்ததாம்: எந்த மதத்தானும், கடவுளே இல்லை என்பவனும்கூட உள்ளே வரலாம், கத்தோலிக்கன் மட்டும் கூடாது என்ற பொருளில். இரவோடு இரவாக ஒரு கத்தோலிக்கன் அதற்குக் கீழே இரண்டடியில் பதில் எழுதிவிட்டுப் போனான். அவன் வாசகத்தை மறுக்கவில்லை. மிகப் பொருத்தம், நரகத்து வாயிலுக்கும் இதே வாசகந்தான் என்று பாராட்டிவிட்டான்! சிலர் இந்தப் பதிலை எழுதியவன் டீன் ஸ்விப்டின் வேலைக்காரன் என்பார்கள்.

அப்படி ஒரு கல் இன்று அங்கே இல்லை. மதிலிலும் சில துண்டுகளே மிச்சம். அப்படியானால் கதை பொய்யா? தம் ஊரில் கத்தோலிக்கர் ஒருவரையும் குடியிருக்க விடவில்லை என்று பாயில் தம் கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறார். கல் இருந்ததோ இல்லையோ, கல்லில் சொன்னதாகச் சொல்லப்படும் செய்தி அந்த ஊரின் சட்டமாகவே இருந்தது. உள்ளே போக முடியாதவனுக்கு வெளியே நின்று சிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லாத காலத்தில் பிறந்த பாட்டு அது. இப்போது பேண்டனில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித பேட்ரிக் ஆலயம் மேட்டின் மேல் நிற்கிறது. இரு சபையாரும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஸ்விப்ட் என்றேன். டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தில் 1713 முதல் 1745 வரை டீனாக இருந்த ஜோனத்தன் ஸ்விப்ட், கல்லிவரின் கதையை எழுதியவர். கூர்மையான பாட்டு எது அகப்பட்டாலும் அவர் தலையில் கட்டுவது அந்நாட்டு வழக்கம். வடக்கே நியூரி என்னும் ஊரைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. கோயிலுக்கும் அதன் கோபுரத்துக்கும் உயரம் பொருந்தவில்லை, தெருவில் அழுக்கு, ஆனால் மக்களுக்குப் பெருமைக்குக் குறைவில்லை என்பது கருத்து. ஸ்விப்ட் பாடியது என்பார்கள். கடல் தாண்டி இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்னும் ஊருக்குப் போனால், ஏறக்குறைய அதே பாட்டு அந்த ஊரின் மேல் இருக்கிறது! அச்சு ஒன்று, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகையால், இன்ன ஊரார் கர்வம் பிடித்தவர்கள், பாட்டே இருக்கிறது என்று யாராவது சாட்சி சொன்னால் நம்பிவிடக் கூடாது. பாட்டு எங்கிருந்தோ வந்து இறங்கியிருக்கும். கதையை அப்புறம் ஊரார் கட்டியிருப்பார்கள்.

கதையை எப்படிக் கட்டுவார்கள் என்பதற்குக் கில்கென்னி ஊர் நல்ல உதாரணம். அந்த ஊர்ப் பூனைகள் இரண்டு சண்டையிட்டு, ஒன்றையொன்று தின்று, கடைசியில் வால்கள் மட்டும் மிஞ்சின என்று ஒரு கேலிப் பாட்டு. கில்கென்னிக்காரர்கள் ஓயாத சண்டைக்காரர்கள் என்பது குறிப்பு. இதற்கு ஊரார் சொல்லும் காரணம்: 1798 கிளர்ச்சியின்போது அங்கே ஜெர்மானியக் கூலிப்படை முகாமிட்டிருந்தது. வேலையற்ற சிப்பாய்கள் இரண்டு பூனைகளை வாலோடு வால் கட்டிக் கொடியில் தொங்கவிட்டுச் சண்டை பார்ப்பார்கள். ஒருநாள் அதிகாரி வரும் சத்தம் கேட்டது. அவிழ்க்க நேரமில்லை. ஒருவன் வாளை உருவி வால்களை வெட்டிவிட்டான், பூனைகள் ஓடிவிட்டன. இந்த வால்கள் ஏது என்று அதிகாரி கேட்க, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன ஐயா என்றானாம்.

படித்தவர்கள் இன்னொன்று சொல்வார்கள். கில்கென்னி உண்மையில் இரண்டு ஊர். நார்மானியர் வழிவந்தவர்களின் நகரம் ஒருபுறம். ப்ரேகா என்னும் சிற்றாற்றுக்கு அப்பால், புனித கேனிஸ் பேராலயத்தைச் சுற்றி ஐரிஷ் நகரம் மறுபுறம். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி. எல்லை எது, சுங்கம் யாருக்கு என்று நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடி இரு பக்கமும் கையிருப்பைத் தொலைத்தன. பூனைகள் அவைதாம் என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் இரண்டும் ஒன்றாயின.

எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் யார் எந்தக் கதையை விரும்புகிறார்கள் என்பது சுவையானது. தெருவில் கேட்டால் சிப்பாய்க் கதை. அதில் குற்றம் அந்நியனுடையது. ஏடு பார்ப்பவரைக் கேட்டால் நகராட்சிக் கதை. அதில் குற்றம் நம்முடையது. அதே கில்கென்னியைப் புகழ்ந்தும் ஒரு பாட்டு உண்டு. அங்கே நெருப்பில் புகை வராது, தெருவுக்குச் சலவைக்கல் பாவியிருக்கும் என்று. அதை மட்டும் ஆராய்ந்தால் உண்மையாக இருக்கிறது. பக்கத்துக் காசில்கோமர் சுரங்கத்து நிலக்கரி புகை குறைந்த உயர்ந்த இனம்; அந்த வட்டாரத்துக் கறுப்புச் சுண்ணாம்புக்கல் பளபளக்கும். புகழ்ந்த பாட்டைச் சோதிக்கச் சுரங்கத்துக்குப் போகலாம். பழித்த பாட்டைச் சோதிக்க எங்கே போவது?

பழித்தவர்களும் ஊரை வெறுத்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். லிமெரிக் மாவட்டத்தில் குரூம் என்னும் ஊரில் 18-ஆம் நூற்றாண்டில் ஷான் ஓ டூமா என்பவர் மதுக்கடை வைத்திருந்தார், 1775-இல் இறந்தார். அவரும் அவருடைய நண்பர் ஆண்ட்ரூ மக்ரா என்பவரும் ஒருவரையொருவர் பாட்டால் குத்திக்கொள்வதில் பேர்போனவர்கள். கடைக்காரர் தம் சரக்கையும் உபசாரத்தையும் புகழ்ந்து பாடினால், நண்பர் உடனே அளவு குறைவதையும் நுரை மிகுவதையும் பாடிவிடுவார். அந்தக் கடையில் கூடிய புலவர் கூட்டத்தில் பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஒருவரும் உண்டு. மக்ராவின் நடத்தை தாளாமல் பங்குக்குரு அவரை ஊரை விட்டே போகச் சொல்லிவிட்டார் என்பார்கள். போனவர் பாடியதுதான் வியப்பு: குரூமைப் பிரிந்த ஏக்கத்தில் ஒரு பாட்டு. அந்த வட்டாரத்து மக்கள் இன்றும் விரும்பிப் பாடும் பாட்டு அதுதான். அவருடைய ஏச்சுகளைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இதுவரை சொன்ன கதைகளில் பழிப்பு தோற்று அன்பு நின்றது இந்த ஒரு ஊரில்தான்.

1884-இல் டிப்பரரி மாவட்டத்துத் தர்லஸ் நகரில் கேலிக் விளையாட்டுக் கழகம் தோன்றியபின் ஊர்ச்சண்டைகள் மைதானத்துக்கு மாறின. கிராமப்புறத்தில் அணிகள் பங்குவாரியாகவே அமைந்தன. ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு பங்குக்கும் அடுத்த பங்குக்கும் ஆட்டம். பழைய வசைகள் கரையிலிருந்து கத்தும் கோஷங்களாயின. நம் இளைஞர் மன்றத்துக் கால்பந்துக் குழுவினர் இதைக் கேட்டுச் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

கில்கென்னி மாவட்டத்தார் ஹர்லிங் என்னும் மட்டைப்பந்து ஆட்டத்தில் நாட்டிலேயே தலைசிறந்தவர்கள். கறுப்பும் பொன்மஞ்சளும் பட்டைபோட்ட சட்டை போட்டுக்கொண்டு டப்ளின் மைதானத்தில் அவர்கள் இறங்கும்போது, ஆயிரக்கணக்கான சொந்த ஊரார் எழுந்து நின்று அந்தப் பழைய கேலிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்: பூனைகளே, விடாதீர்கள்!